கொங்கு ஊர்களிலிருந்து எழுத வருகிறவர்களுக்கு: வலைப்பூ தொடங்கவும் விடாமல் நடத்தவும் ஒரு முழு வழிகாட்டி

எழுத ஆசை இருக்கிறது, வலைப்பூ ஆரம்பிக்கலாமா, இப்போதெல்லாம் அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. தாராளமாக ஆரம்பியுங்கள். ஆனால் இன்றைக்கு எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பதற்காக எழுதாமல், பத்து வருடம் கழித்து ஒருவர் தேடும்போது அவர் கையில் கிடைக்க வேண்டும் என்று நினைத்து எழுதுங்கள். போன வருடம் ஃபேஸ்புக்கில் நீங்கள் எழுதிய நல்ல பதிவை இப்போது தேடி எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே கிடைக்காது. வாட்ஸ்அப் குழுவில் போட்டதோ அன்று சாயங்காலமே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். வலைப்பூவில் இருப்பது அப்படியே இருக்கும், தேடினால் வரும்.

தமிழில் வலைப்பூக்கள் 2003 வாக்கில் வரத் தொடங்கின. 2004-ல், புதிதாக வருகிற பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிற தமிழ்மணம் திரட்டி வந்த பிறகு ஒருவர் எழுதுவது இன்னொருவர் கண்ணில் உடனுக்குடன் பட்டது. ஈரோட்டிலேயே வலைப்பதிவர்கள் குழுமம் அமைத்து, சங்கமம் என்று விழா எடுத்துக் கூடிய காலம் உண்டு. அப்புறம் எல்லாரும் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள், வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய கூகுள் ரீடரும் 2013-ல் மூடப்பட்டது, எழுதிக்கொண்டிருந்த பலர் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அன்று அவர்கள் எழுதிப் போட்டவை, பக்கம் அழியாமல் இருக்கிற வரைக்கும், இன்றும் யாரோ ஒருவருக்குப் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு ஊர்க் கோயிலைப் பற்றியோ ஒரு பழைய சந்தையைப் பற்றியோ தேடினால், எப்போதோ ஒருவர் மெனக்கெட்டுப் போய்ப் பார்த்து எழுதிய பதிவில்தான் போய் நிற்கிறோம். அந்த மாதிரி வலைப்பூவை எப்படிக் கட்டுவது, கட்டினதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. எதைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான வலைப்பூக்கள் நின்றுபோவதற்குச் சோம்பல் காரணம் கிடையாது. "என் எண்ணங்கள்" என்று பெயர் வைத்து, முதல் மாதம் அரசியல், அடுத்த மாதம் சினிமா விமர்சனம், நடுவில் இரண்டு கவிதை என்று போனால் எழுதுகிறவருக்கே நாலாவது மாதம் என்ன எழுதுவது என்று தெரியாது. படிக்கிறவருக்கும் எதற்கு மறுபடி வரவேண்டும் என்று தெரியாது. கைக்கு எட்டுகிற ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கொங்கு நாட்டில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பவானி ஜமக்காளம் 2005-06-லேயே புவிசார் குறியீடு வாங்கியது, ஈரோடு மஞ்சள் 2019-ல் வாங்கியது என்பதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு முதுகு எப்படி வலிக்கும், ஒரு ஜமக்காளத்துக்குக் கூலி என்ன, பிள்ளைகள் ஏன் தறிக்கு வருவதில்லை என்று உட்கார்ந்து கேட்டு எழுதினவர்கள் எத்தனை பேர்? மஞ்சளிலும் அப்படித்தான். விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை என்று ஏலத்தில் போகிறது. வேகவைப்பது, காயவைப்பது, பாலீஷ் போடுவது, மூட்டையைப் பல மாதம் இருப்பு வைத்து விலைக்குக் காத்திருப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவுக்கு ஆகும்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், அதில் அடைத்து மேயவிட்ட மாடும் செம்மறியும் என்று மழை குறைந்த பூமியில் ஒரு முழு வாழ்க்கை முறையே அதில் இருக்கிறது. உங்கள் தோட்டத்துப் பக்கத்தில் ஒரு கொறங்காடு இருந்தால் வருடம் பூராவும் அதை மட்டுமே எழுதலாம். எந்த மாதம் புல் துளிர்க்கிறது, வெள்வேலங்காய் எப்போது விழுகிறது, வேலி எப்போது சரிசெய்கிறார்கள், குத்தகை எப்படிப் பேசுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

திருப்பூரில் இருக்கிறீர்களா? பவர்டேபிள், செக்கிங், கைமடி, பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட் என்று அந்த ஊருக்கே ஒரு பேச்சு உண்டு. கம்பெனிக்குள் இருப்பவர் எழுதினால் மட்டுமே அது சரியாக வரும், வெளியிலிருந்து வந்து அரை நாள் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு வராது. நொய்யல் ஓரத்தில் இருக்கிறீர்களா? 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த கிணறுகளும் வயல்களும் என்ன ஆயின, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை போனவர்கள் என்ன செய்தார்கள் என்று இரண்டு பக்கமும் கேட்டு எழுத இன்னும் ஆட்கள் தேவை.

சமையல்தான் வரும் என்றால் அரிசிம்பருப்பு சோறு, சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம், கொள்ளு கடைசல் என்று எழுதலாம். ஆனால் அளவோடு எழுதுங்கள், எந்த ஊர்ப் பக்கம் எப்படிச் செய்கிறார்கள் என்பதோடு எழுதுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் செய்கிற மாதிரியே நாமக்கல் பக்கமும் செய்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொங்கு என்று எழுத ஆரம்பித்தால் ஒரே சாதியின் சீரையும் சடங்கையும் எழுதி, அதுதான் கொங்கு என்று முடித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள், நோம்பியில் (திருவிழாவில்) பறை அடித்தவர்கள், தோல் தைத்தவர்கள், தறி நெய்தவர்கள், பனை ஏறினவர்கள், சத்தியமங்கலம் மலையில் இருக்கிற ஊராளிகள், சோளகர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் இந்த நாடு. ஒரு விஷயத்தை எழுதும்போது அதில் யாருடைய பேச்சு விட்டுப்போயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே போய் அவர்களிடமும் கேளுங்கள். வலைப்பூவின் தரமே அதில் மாறிவிடும்.

சரி, பொருள் கிடைத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு தாளை எடுத்து, அந்தப் பொருளில் இருபது பதிவுத் தலைப்புகள் எழுதிப் பாருங்கள். ஒரே மூச்சில் இருபது வந்தால் அது உங்கள் பொருள். ஏழெட்டோடு நின்றுவிட்டால் வேறொன்றைப் பாருங்கள்.

2. தமிழில் அடிக்கப் பழகுங்கள்

கைப்பேசியில் ஜிபோர்டு அல்லது செல்லினம் போதும். கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்வதுதான் நெடுநாளைக்கு நல்லது, ஒரு வாரம் சிரமமாக இருக்கும், அப்புறம் கை தானாக ஓடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிற முறையில் பழகியவர்கள் அதையே தொடரலாம், அதனால் எழுத்து கெட்டுவிடாது. கண் சரியில்லாதவர்கள், வயதானவர்கள் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தலாம். நம் பேச்சை அது சில இடத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளும், திருத்திக்கொள்ள வேண்டும்.

எப்படி அடித்தாலும், எந்தக் கருவியில் திறந்தாலும் எழுத்து சரியாகத் தெரிகிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடையில் அடித்து வாங்குகிற கோப்புகள் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வருவதுண்டு. அதை அப்படியே ஒட்டினால் வலைப்பூவில் புரியாத எழுத்தாகத் தெரியும். எழுத்துருமாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, போட்டு மாற்றிவிட்டு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

3. இடம் பிடிப்பது

எழுத்தாளருக்கு இரண்டு வழி போதும். ஒன்று பிளாகர், இன்னொன்று வேர்ட்பிரஸ்.

பிளாகர் கூகுளுடையது, முழுக்க இலவசம், ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். சொந்தப் பெயரில் முகவரி வாங்கி இணைப்பதற்கும் அவர்கள் காசு கேட்பதில்லை. வேர்ட்பிரஸ் பார்க்க அழகாக இருக்கும், வசதிகள் அதிகம், ஆனால் இலவசத் திட்டத்தில் சொந்த முகவரி வைக்க முடியாது. வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தனியாக எடுத்து வாடகை வழங்கியில் (சர்வரில்) நிறுவினால் எல்லாம் உங்கள் கையில் இருக்கும், கூடவே வருடா வருடம் வாடகை, புதுப்பிப்பு, பாதுகாப்பு என்று வேலையும் இருக்கும். வாடகை கட்ட மறந்த வருடம் வலைப்பூவே மறைந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு நான் பிளாகரைத்தான் சொல்வேன். எழுத்து நிலைத்த பிறகு வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம், பதிவுகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறது.

முகவரியை ஆங்கில எழுத்தில், வாயால் ஒருமுறை சொன்னால் கேட்கிறவர் அடிக்கிற மாதிரி வையுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை. ழ, ள, ண வருகிற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். சொந்த முகவரி வாங்கும்போது முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காமல், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். அங்கேதான் விலை ஏறும்.

இன்னொன்று, இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை. பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி அர்த்தமில்லாத பொதுப் பெயராகவோ வெறும் எண்ணாகவோ தானாக உருவாகிவிடும். வெளியிடுவதற்கு முன் வலது பக்கம் நிரந்தர இணைப்பு (பெர்மாலிங்க்) என்கிற இடத்தைத் திறந்து, bhavani-jamakkalam-kooli என்பது போல ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் உடைந்துவிடும்.

4. பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும்

இதில் நாட்களைச் செலவழிக்காதீர்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே நெடுவரிசையாக ஓடுகிற எளிய வார்ப்புரு (டெம்ப்ளேட்) போதும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக விடுங்கள். எழுத்தளவு ஆங்கிலப் பக்கங்களுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். இருபுறமும் நேராக வருகிற மாதிரி சீர்செய்யாதீர்கள், தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசித் திரையில் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன் போன்ற எழுத்துருக்கள் இலவசம், படிக்கவும் தெளிவு.

"என்னைப் பற்றி" என்று ஒரு பக்கம் கட்டாயம் வையுங்கள். எந்த ஊர், என்ன வேலை, எதைப் பற்றி எழுதுகிறீர்கள், உங்களுக்கு எப்படி எழுதுவது என்று நாலு வரி. வீட்டு முகவரி, கைப்பேசி எண் வேண்டாம், தனியாக ஒரு மின்னஞ்சல் போதும்.

5. பொருள் சேர்ப்பது

எழுதுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆகும், ஆகவும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் இருப்பதையே கலக்கி எழுதினால், அதை இப்போது இயந்திரமே எழுதிவிடும். நீங்கள் நேரில் போய்ப் பார்த்ததை அது எழுத முடியாது.

உதாரணத்துக்கு ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை. வியாழக்கிழமை கூடுகிறது. விடியற்காலையில் போய்விடுங்கள், பொழுது ஏறினால் நல்ல வியாபாரம் முடிந்திருக்கும். முதல் தடவை போகும்போது எதையும் கேட்காதீர்கள், சும்மா சுற்றுங்கள். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம், கயிறு விற்கிறவர், லாடம் கட்டுகிறவர், டீக்கடை, வண்டி பேசுகிற இடம் என்று சந்தையின் சுற்றுவட்டத்தையும் பாருங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். தரகரிடமும் வாங்க வந்தவரிடமும் ஒரே நாளில் பேசினால் இருவரும் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பெரியவர்களிடம் போனதும் கைப்பேசியை நீட்டாதீர்கள். "எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் பையனுங்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஊரைச் சொல்லி, என்ன எழுதுகிறேன் என்று சொல்லி, திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, "ஏனுங்க ஐயா, நீங்க சொல்றத இதுல பதிஞ்சுக்கிட்டுமுங்களா?" என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும் பதியுங்கள். ஆத்தா ஒருவர் பேச்சுவாக்கில் குடும்பச் சங்கதி எதையாவது சொல்லிவிட்டு, "இதை எழுதிப்போடாத கண்ணு" என்று சொன்னால் எழுதாதீர்கள், பெயரை மாற்றியும் எழுதாதீர்கள். அந்த ஊரில் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். தேதி, இடம், யாரிடம் பேசியது, அவர் வயது, அவர் சொன்ன அளவு, விலை, கூலி எல்லாவற்றையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "அப்பெல்லாம் வல்லத்துல அளந்து குடுப்பாங்க சாமி" என்று அவர் சொன்னால் அதை நல்ல தமிழாக்கிவிடாதீர்கள். நாளைக்குப் படிக்கிறவருக்குக் கிடைக்கிற பெரிய சொத்தே அந்தப் பேச்சுதான். உங்கள் விளக்கத்தை எழுத்துத் தமிழில் வையுங்கள், அவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடி வையுங்கள்.

கேட்டதைச் சரிபார்ப்பது அடுத்த வேலை. வாய்வழியாக வருகிற வருடங்கள் பெரும்பாலும் பஞ்சம், வெள்ளம், தேர்தல், கல்யாணம் என்று எதையாவது ஒட்டித்தான் வரும். அந்தக் குறிப்பைப் பிடித்து வருடத்தைக் கணக்கிடுங்கள், கணக்கிட்டது என்பதையும் எழுதுங்கள். கோயில் என்றால் கல்வெட்டுப் படியை மாவட்ட மைய நூலகத்திலோ பதிப்பிக்கப்பட்ட தொகுதியிலோ தேடிப் பாருங்கள். கொடுமணலைப் பற்றி எழுதினால் அகழாய்வில் கிடைத்தவை எவை, பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது எது, ஊரில் சொல்கிற கதை எது என்று மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். மூன்றையும் கலந்து "நம் முன்னோர்கள் அப்போதே" என்று எழுதினால் படிக்கப் பெருமையாக இருக்கும், யாருக்கும் பயன்படாது.

6. ஒரு பதிவை எழுதுவது

ஒரு பதிவுக்கு ஒரு விஷயம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை எழுதினால் குதிரைச் சந்தையை ஒரு பதிவாகவும் தேர் வருவதை இன்னொரு பதிவாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே எது, எங்கே, எப்போது என்பது தெரிந்துவிட வேண்டும். "மனித வாழ்வில் திருவிழாக்கள் முக்கியமானவை" என்று தொடங்குகிற பத்தியை எடுத்துவிட்டால் பதிவுக்கு ஒன்றும் ஆகாது.

நீளம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சொல்ல விஷயம் இருந்தால் இரண்டாயிரம் சொல்லும் படிப்பார்கள், இல்லையென்றால் இருநூறு சொல்லிலும் போய்விடுவார்கள். எழுதி முடித்ததும் ஒரு நாள் வைத்திருந்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் சரியில்லை. சந்திப் பிழை, ஒற்றுப் பிழை பார்க்க வீட்டிலோ பள்ளியிலோ ஒரு தமிழாசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தலைப்பில் ஊர்ப் பெயரும் பொருளும் இருக்கட்டும். "ஒரு மாலைப் பொழுதில்" என்று தலைப்பு வைத்தால் யார் அதைத் தேடுவார்கள்? "கண்ணபுரம் மாட்டுச் சந்தை: சித்திரையில் போகிறவர்களுக்கு" என்று வைத்தால் தேடுகிறவருக்கு அகப்படும். நம் ஆட்களில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத்தான் தேடுகிறார்கள், அதற்காகத்தான் நிரந்தர இணைப்பை ஆங்கில எழுத்தில் கொடுக்கச் சொன்னேன்.

7. படம், உரிமை, சட்டம்

படங்களை நீங்களே எடுங்கள். கைப்பேசிப் படம் போதும், ஏற்றும் முன் அளவைக் குறையுங்கள், ஆயிரத்து இருநூறு பிக்சல் அகலம் தாராளம். பிளாகரில் ஏற்றும் படங்கள் உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். படத்துக்குக் கீழே இடம், மாதம், வருடம் எழுதுங்கள். குழந்தைகள் முகத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடவே வேண்டாம்.

இணையத்தில் கிடைத்த படம் யாருக்கோ சொந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு, உங்கள் எழுத்துக்கும் அதே பாதுகாப்பு எழுதின நிமிடத்திலிருந்தே உண்டு, பதிவு செய்யத் தேவையில்லை. விக்கிமீடியா காமன்ஸில் இருக்கிற படங்களை உரிமக் குறிப்போடு பயன்படுத்தலாம்.

யாரையாவது குற்றம் சொல்லி எழுதினால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். அவதூறு இப்போதும் குற்றம்தான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் வருகிறது. ஆற்றில் கழிவு விடுகிறார்கள் என்று எழுதப் போகிறீர்கள் என்றால் தேதி போட்ட படம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில், நீதிமன்ற உத்தரவு என்று காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பயந்து எழுதாமல் விடாதீர்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள்.

8. படிக்கிறவர்களிடம் கொண்டுபோவது

முதலில் கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள் என்று அதில் தெரியும், அடுத்து என்ன எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

அப்புறம், பதிவில் வருகிறவர்களுக்கே முதலில் அனுப்புங்கள். தறிக்காரரைப் பற்றி எழுதினால் அவர் மகன் கைப்பேசிக்கு இணைப்பை அனுப்புங்கள். அவர்கள் ஒரம்பரை (உறவுக்காரர்கள்) எல்லாருக்கும் அனுப்புவார்கள், அமெரிக்காவில் இருக்கிற பேரன் வரைக்கும் போகும், அங்கிருந்து ஒரு திருத்தமும் ஒரு பழைய புகைப்படமும் திரும்பி வரும். ஃபேஸ்புக்கில் பதிவு முழுதையும் போட்டுவிடாமல் ஒரு பத்தியும் இணைப்பும் போடுங்கள். வாட்ஸ்அப் சேனல் ஒன்று தொடங்கிக்கொண்டால் குழுக்களில் போய்த் தொல்லை கொடுக்கத் தேவையில்லை, வேண்டியவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற புத்தகத் திருவிழாவுக்குப் போய் எழுதுகிறவர்களை நேரில் பாருங்கள்.

9. விடாமல் நடத்துவது

வலைப்பூவை வெளியே சொல்வதற்கு முன்னால் ஐந்து பதிவுகளை எழுதி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை முதல் நாளே போடுங்கள், மூன்று இருப்பில் இருக்கட்டும். அந்த மூன்று எப்போதும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு ரகசியமும். காய்ச்சல் வரும், வீட்டில் நோம்பி வரும், கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி வரும், மஞ்சள் வேகவைக்கிற மாதம் வரும், அப்போதெல்லாம் இருப்பிலிருந்து ஒன்று போகும்.

வாரம் ஒன்று எழுதுவேன் என்று ஆரம்பத்தில் எல்லாரும் சொல்வோம். வேலைக்குப் போகிறவரால், அதுவும் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறவரால், மாதம் இரண்டுதான் முடியும். மாதம் இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றானாலும் தவறில்லை. ஆனால் நாளைக் குறித்துவிடுங்கள். முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை ஆறு மணி என்றால் அந்த நேரத்துக்கு வருகிற மாதிரி பிளாகரில் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடலாம்.

நம் பக்கத்து வருடத்தை வைத்தே பதிவு அட்டவணை போடலாம். தையில் மாட்டுப் பொங்கல், பூப்பறிக்கிற நோம்பி, பழநிக்குக் காவடி. சித்திரையில் கண்ணபுரம் சந்தை. ஆடியில் பவானி கூடுதுறையில் பதினெட்டு, அந்தியூர் சந்தை, ஆடிப்பட்ட விதைப்பு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற சமயம், அடைக்கிற சமயம். இந்த வருடம் போய்ப் பார்த்து எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு வெளியிடுங்கள். ஆட்கள் போவதற்கு முன்னால்தான் தேடுவார்கள், முடிந்த பிறகு தேட மாட்டார்கள்.

பழைய பதிவுகளுக்கும் போய் வர வேண்டும். அவிநாசிப் பக்கம் வறண்டு கிடக்கும் குளத்தைப் பற்றி 2020-ல் எழுதியிருந்தால், 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி, பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோக வழி வந்த பிறகு அதே குளத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள். தண்ணீர் வந்ததா, எவ்வளவு வந்தது, கரையில் என்ன மாற்றம் என்று பதிவின் அடியில் தேதி போட்டுச் சேருங்கள். பழையதை அழித்துவிட்டு எழுதாதீர்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மாற்றம் தெரியும்.

படிக்க ஆள் வரவில்லையே என்று முதல் வருடம் மனசு சங்கடப்படும். எண்ணிக்கையைத் தினமும் பார்க்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தேடலில் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். இடையில் இரண்டு மூன்று மாதம் நின்றுபோனால் அதற்கு விளக்கம் சொல்லிப் பதிவு எழுத வேண்டாம், அடுத்த பதிவை எழுதிப் போடுங்கள், போதும்.

துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஊரிலேயே எழுதுகிற இன்னொருவரோடு பேசி வைத்துக்கொண்டு, அவர் பதிவை வெளியிடும் முன் நீங்கள் படித்துச் சொல்லுங்கள், உங்களுடையதை அவர் படிக்கட்டும்.

10. காசு வருமா

கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் தருகிறது. கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், பத்து டாலர் வந்ததும் வீட்டு முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு எண் வரும். மாதம் இரண்டு பதிவு எழுதுகிற தமிழ் வலைப்பூவுக்கு அந்த நூறு சேர வெகுநாள் ஆகும், அதற்காகப் பக்கம் முழுக்க விளம்பரம் வைத்துப் படிக்கிறவரை விரட்ட வேண்டாம். நாற்பது ஐம்பது பதிவு சேர்ந்த பிறகு அவற்றைத் திருத்திப் புத்தகமாக்குவதுதான் எழுத்தாளருக்கு ஏற்ற வழி. அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிடலாம், காசு முக்கியமில்லை என்றால் யாரும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துக்குக் கொடுக்கலாம்.

11. எழுதினதைப் பத்திரப்படுத்துவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாகர் அமைப்புகளில் இருக்கிற காப்புப் பிரதியை இறக்கி வையுங்கள். அதில் எழுத்துதான் வரும், படங்கள் வராது, அவற்றைத் தனி வன்தட்டில் வருட வாரியாக வையுங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், உங்கள் வலைப்பூ போனாலும் அங்கே ஒரு படி இருக்கும். பேசினவர்களின் ஒலிப்பதிவுகளை அழித்துவிடாதீர்கள், எழுதினதைவிட அவை பெரியவை.

இரண்டு வருடம் உள்ளே வராத கணக்கை அழிக்க கூகுளின் விதி இடம் கொடுக்கிறது, அதனால் எழுதாத காலத்திலும் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள். அதே கணக்கின் அமைப்புகளில், நீண்ட நாள் நீங்கள் வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யாரிடம் கோப்புகள் சேர வேண்டும் என்று குறித்து வைக்க ஒரு வசதி இருக்கிறது. மகளோ தம்பியோ நண்பரோ, இதில் அக்கறை உள்ள ஒருவர் பெயரை இன்றைக்கே அதில் போட்டுவிட்டு, எங்கே என்ன இருக்கிறது என்று அவரை உட்காரவைத்துக் காட்டிவிடுங்கள்.